அவன் பெயர் ஃபிம்தான்

கேள்வி: திருநெல்வேலியில் ஏழு வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். கணவரின் வேலை காரணமாகப் போன வருடம் தாய்லாந்து வந்தோம். கோன் கேன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 40 பேர், 13, 14 வயதுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், மரியாதையான பிள்ளைகள், ஆனால் ஒரு வருடமாகியும் 'ஸ்கூல்' என்ற வார்த்தை 'சகூன்' என்றுதான் வருகிறது. 'பஸ்' என்பதை 'பத்' என்கிறார்கள். 'ஐ எவர் கோ பாங்காக்', 'ஓபன் த லைட்', 'இன் மை ரூம் ஹேவ் டூ ஃபேன்' என்று எழுதுகிறார்கள், எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் அதேதான். சோம்பேறித்தனம் என்று ஒருநாள் கோபப்பட்டுவிட்டேன். 'ஃபிலிம்' என்று செல்லப்பெயர் உள்ள ஒரு பையன் தன் பெயரையே 'ஃபிம்' என்கிறான். வகுப்பு முன்னால் நிற்க வைத்து ஐந்து முறை திருத்தினேன். அன்றிலிருந்து அவன் என் வகுப்பில் வாயே திறப்பதில்லை. சக ஆசிரியர் ஒருவர், வகுப்பில் அவர்கள் மொழியையே தடை செய்துவிடுங்கள், தானாகச் சரியாகும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். தடை செய்யாதீர்கள். அந்தப் பையனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன் நீங்கள் கொஞ்சம் அவர்கள் மொழிக்குள் வந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லும் வழிகள் வெறும் உத்திகளாகத்தான் தெரியும். ('தாய் மொழி' என்று எழுதினால் நம் எழுத்தில் தாய்மொழியோடு குழம்பும், அதனால் தாய்லாந்து மொழி என்றே எழுதுகிறேன்.) நான் பல வருடம் அங்கே ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். வந்த புதிதில் எல்லோரும் சொல்வது நீங்கள் சொன்ன அதே வார்த்தைதான்: சோம்பேறித்தனம். இல்லை. அந்தப் பிள்ளைகள் ஒரு விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். அந்த விதி ஆங்கிலத்துடையது இல்லை, அவ்வளவுதான்.

முதலில் 'சகூன்', 'பத்' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். தாய்லாந்து மொழியில் ஓர் அசையின் கடைசியில் நிற்கக்கூடிய மெய்யொலிகள் எட்டுதான்: ப், த், க், ம், ன், ங், ய், வ். வேறு எதுவும் அந்த இடத்தில் நிற்காது. ல், ர் வந்தால் ன் ஆகிவிடும். ஸ், ஷ், ச், ஜ் எது வந்தாலும் த் ஆகிவிடும். இது ஆங்கிலத்துக்காக நேற்று உண்டான பழக்கம் என்று நினைக்காதீர்கள், சமஸ்கிருதமும் பாலி மொழியும் அங்கே போய்ச் சேர்ந்த காலத்திலிருந்து இதேதான் நடக்கிறது. நகர என்ற சொல் அங்கே 'நக்கோன்'. நக்கோன் ராட்சசிமா என்ற ஊர்ப் பெயரைப் பஸ் நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். பல (பழம், பலன்) 'பொன்'. மங்கல 'மொங்கொன்'. ஆஹாரம் 'ஆஹான்', சாப்பாட்டுக் கடைப் பலகையில் தினமும் கண்ணில் படும் சொல். ஆகாசம் 'ஆகாத்', பிரதேசம் 'பிரத்தேத்', அதாவது நாடு. ரதம் 'ரொத்', ரசமும் (சுவை என்ற பொருளில்) 'ரொத்', எழுத்துதான் வேறே தவிர உச்சரிப்பு ஒன்றே. பாங்காக்கில் நீங்கள் வந்திறங்கிய விமான நிலையத்தின் பெயர்ப்பலகையில் சுவர்ணபூமி என்றுதானே ஆங்கில எழுத்தில் இருக்கிறது? டாக்சிக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார், ஏனென்றால் அவருக்கு அது 'சுவன்னபூம்'.

இப்போது உங்கள் மாணவர்கள் பஸ்ஸை என்ன சொல்கிறார்கள் என்று முழுதாகக் கேளுங்கள். 'ரொத் பத்'. முதல் பாதி ரதம், இரண்டாம் பாதி ஆங்கில பஸ். ஒன்று பல நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த சொல், மற்றது அண்மையில் வந்தது, இரண்டுக்கும் ஒரே வாசல், ஒரே விதி. சாப்பிட்டு முடித்துப் பணம் கொடுக்க 'செக் பின்' என்று கேட்பார்கள், அந்தப் 'பின்' வேறு ஒன்றுமில்லை, பில். ஃபுட்பால் 'ஃபுத்பொன்'. இத்தனை நூற்றாண்டாக ஒரு மொழி தன் வீட்டுக்கு வந்த எல்லாச் சொல்லையும் இப்படித்தான் உட்கார வைத்திருக்கிறது, ஆங்கிலச் சொல் மட்டும் ஏன் விலக்காக வேண்டும் என்று 13 வயதுப் பிள்ளையின் வாய்க்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. அசையின் கடைசியில் இடம் ஒன்றே ஒன்றுதான். 'ஐ', 'ஔ' போன்ற ஒலி வந்துவிட்டால் அதன் பின்பாதியிலிருக்கும் ய், வ் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு வரும் மெய்க்கு இடமே இல்லை. அதனால்தான் ரைஸ் 'ராய்' (அல்லது 'லாய்') ஆகிறது, ஃபைல் 'ஃபாய்' ஆகிறது, ஹவுஸ் 'ஹாவ்' ஆகிறது. பிள்ளை 'ஸ்'ஸை விழுங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றும். அவர்கள் விழுங்கவில்லை, உட்கார நாற்காலி இல்லை. அப்புறம், கடைசியில் வரும் ப், த், க் மூன்றையும் அவர்கள் வாயை மூடியபடியே நிறுத்துவார்கள், காற்று வெளியே வராது. நமக்குக் கேப், கேட், கேக் மூன்றும் ஒன்று போலக் கேட்கும். அவர்களுக்கோ நன்றாக வித்தியாசம் தெரியும். அந்த இடத்தில் பயிற்சி தேவைப்படுவது நம் காதுக்குத்தான்.

சொல்லின் முன்பக்கம் வேறு கதை. ப்ல, க்ர, த்ர போன்ற இரட்டை மெய்கள் அவர்களிடம் இருக்கின்றன, ஆனால் 'ஸ்' முன்னால் நிற்கும் கூட்டு கிடையாது. ஆகவே ஸ்டாப் 'சதொப்', ஸ்டேக் 'சதெக்', ஸ்கூல் 'சகூன்'. நடுவில் ஒரு சின்ன 'அ' போட்டுப் பிரிக்கிறார்கள். இதைக் கேட்டுத் தமிழ்க்காரர்களாகிய நாம் ஆச்சரியப்படக் கூடாது, நம் ஊரில் பாட்டிமார் 'இஸ்கூல்' என்று சொல்லவில்லையா? அவர்கள் நடுவில் உயிர் போடுகிறார்கள், நாம் முன்னால் போடுகிறோம். கடைசியிலும் அப்படித்தான்: அவர்கள் கடைசி மெய்யை மாற்றுகிறார்கள் அல்லது விடுகிறார்கள், நாம் 'பஸ்ஸு', 'காரு', 'ஃபேனு' என்று உகரம் சேர்க்கிறோம். தாய்மொழி எங்கே இழுக்கிறது என்பதுதான் வேறு, இழுப்பது எல்லோருக்கும் உண்டு.

உங்களுக்கும் உண்டு. இதைச் சற்று நேரடியாகவே சொல்கிறேன், மனம் வருந்த வேண்டாம். தாய்லாந்து மொழியில் 'பா' மூன்று வகை. ஒன்று பைத்தியம், ஒன்று பெரியம்மா, ஒன்று துணி. மூன்றுக்கும் தொனிகூட (குரலின் ஏற்ற இறக்கம்) ஒன்றேதான். நம் 'அன்பு'வில் வரும் மெல்லொலி ஒன்று, காற்றே இல்லாத வல்லொலி ஒன்று, குப்பென்று காற்று வரும் வல்லொலி ஒன்று. தமிழில் மூன்றுக்கும் ஒரே 'ப'தான். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வல்லொலியாக வரும் 'ப', 'ட', 'க' எல்லாம் காற்றோடு வருபவை. நாம் காற்றில்லாமல் சொல்கிறோம். நீங்கள் 'பென்' என்று சொல்லும்போது உங்கள் மாணவன் காதில் விழுவது எழுதுகோல் இல்லை, 'இருத்தல்' என்ற பொருளில் அவன் மொழியிலேயே இருக்கும் 'பென்'. அவனுக்கு இந்த வேறுபாடு கேட்கும், உங்களுக்கும் எனக்கும் பழகினால்தான் கேட்கும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு காற்று படுகிறதா என்று பாருங்கள், ஒரு வாரம் போதும். இதில் உங்கள் பிள்ளைகள் உங்களைவிட முன்னால் இருக்கிறார்கள் என்பதை அவர்களுக்குத் தெரியப்படுத்தினால் இன்னும் நல்லது.

சரி, 'ல்' கடைசியில் வர வைப்பது எப்படி? திரும்பத் திரும்பச் 'ஸ்கூல், ஸ்கூல்' என்று சொல்ல வைப்பதில் பயனில்லை, அந்த இடத்தில் அவர்கள் வாய்க்கு 'ன்' மட்டுமே தெரியும். ஆனால் சொல்லின் தொடக்கத்தில் 'ல' அவர்களுக்கு நன்றாக வரும், 'ஸ'வும் வரும். இதைப் பயன்படுத்துங்கள். 'பொன்' என்றால் பலன் என்று சொன்னேன் இல்லையா, பழத்துக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள்? 'பொன்லமாய்'. தனியாக நின்றபோது 'ன்' ஆகிப் போன அந்த 'ல', பின்னால் ஓர் உயிர் கிடைத்ததும் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே தனிச் சொல்லாகக் கொடுக்காமல் தொடராகக் கொடுங்கள்: 'ஸ்கூல் இஸ்' என்பதைக் 'கூ-லிஸ்' என்று பிரித்து, 'பஸ் இஸ்' என்பதைப் 'ப-ஸிஸ்' என்று பிரித்து. கரும்பலகையில் அந்த இணைப்பை ஒரு வளைகோடாகப் போட்டுக் காட்டுங்கள். நன்றாக வந்த பிறகு 'இஸ்'ஸைக் கிசுகிசுப்பாக்குங்கள், பிறகு மனதுக்குள் மட்டும் சொல்ல வையுங்கள். நாக்கு 'ல'வுக்குப் போய் நிற்கும், குரல் நின்றுவிடும், அதுதான் 'ஸ்கூல்'. நான் பார்த்தவரை, இதைவிடச் சீக்கிரம் பலன் தந்த வேறு பயிற்சி இல்லை. பிள்ளைகளிடம் 'பொன்லமாய்' உதாரணத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தங்கள் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைத்துக்கொள்வார்கள், கவனித்திருப்பீர்கள். அதில் ஒரு சிக்கல். கடைசியில் 'ல'வுக்கான எழுத்தை எழுதினாலும் படிக்கும்போது அது 'ன்'தான். அதைப் பிடுங்க வேண்டாம், ஆனால் புதிய சொல்லைக் கொடுக்கும்போது முதலில் காதால் நாலைந்து முறை கேட்கட்டும், வாயால் சொல்லட்டும், எழுத்து அப்புறம் வரட்டும்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. நீங்கள் இருப்பது தாய்லாந்தின் வடகிழக்கான ஈசான் பகுதி. உங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் பேசுவது பாங்காக் மொழி இல்லை, லாவோஸ் நாட்டின் லாவோ மொழிக்கு நெருங்கிய ஈசான் பேச்சு. பாங்காக்கில் யானை 'சாங்' என்றால் (நம் 'பச்சை'யில் வரும் 'ச்ச' போல), ஈசானில் அது 'ஸாங்'. பள்ளிக்கூடம் பாங்காக்கில் 'ரோங் ரியன்', வீட்டில் 'ஹோங் ஹியன்'. பள்ளிக்கு வந்த பிறகு இன்னொரு உச்சரிப்பைக் கற்றுக்கொண்டு, இடம் பார்த்து மாற்றிப் பேசத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். இது பெரிய சொத்து. ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது. இதை அறிந்து நடத்தும் ஆசிரியருக்கும் அறியாமல் நடத்துபவருக்கும் வகுப்பில் வித்தியாசம் தெரியும்.

தொனியைப் பற்றிக் கொஞ்சம். ஐந்து தொனி உள்ள மொழி அது. ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி கொடுத்தே பழகியவர்கள், சொல்லின் கடைசி அசைக்குத்தான் அழுத்தம் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் அவர்களிடம் கடைசி 'தே'யில் இறங்கும் தொனியோடு முடியும். அழுத்தம் என்று நீங்கள் விளக்கினால் புரியாது. அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்லுங்கள்: 'அந்த இறங்கும் தொனியைக் கடைசியிலிருந்து எடுத்து நடுவில் உள்ள 'ப்யூ'வில் வை, மற்றதைச் சும்மா மெதுவாகச் சொல்.' ஒரே நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

இலக்கணத்துக்கு வருவோம். இதில்தான் மொழியைத் தடை செய்வது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும்.

தாய்லாந்து மொழியில் வினைச்சொல் மாறவே மாறாது. காலம், எண், பால் எதற்கும். 'நேற்று சந்தைக்குப் போனேன்' என்பதை 'மூவான் பாய் தலாத்' என்பார்கள், சொல்லுக்குச் சொல் 'நேற்று போ சந்தை'. நேற்று என்று சொன்ன பிறகு இறந்தகாலத்தை இன்னொரு முறை சொல்வானேன்? அவர்கள் கேள்வி நியாயம்தான். நம் தமிழ் இரண்டு முறை சொல்கிறது, ஆங்கிலமும் இரண்டு முறை சொல்கிறது, அதனால் நமக்கு இது இயல்பாகப் படுகிறது. பன்மையும் அப்படியே. 'நக்ரியன் சாம் கோன்' என்றால் 'மாணவர் மூன்று ஆள்'. மூன்று என்று எண்ணிக் கொடுத்தாயிற்று, ஆளையும் சொல்லியாயிற்று, இதற்கு மேல் ஓர் 'ஸ்' எதற்கு? பிள்ளைகளிடம் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: உங்கள் மொழி ஒரு முறை சொல்லும், ஆங்கிலம் இரண்டு முறை சொல்லும். காலத்துக்கும் பன்மைக்கும் இந்த ஒரு வாக்கியம் போதும்.

உங்களை வாட்டும் 'ஐ எவர் கோ பாங்காக்' எங்கிருந்து வருகிறது தெரியுமா? 'கேய்' என்று ஒரு சொல் உண்டு, ஒன்றை வாழ்க்கையில் எப்போதாவது செய்ததுண்டு என்று காட்டுவது. 'கேய் பாய் குருங்தேப்' என்றால் 'பாங்காக் போயிருக்கிறேன்'. பாடப்புத்தகத்தில் 'ஹேவ் யூ எவர்' என்ற கேள்வி வரும்போது 'எவர்' என்றால் 'கேய்' என்று மனதில் பதிந்துவிடுகிறது, பிறகு பதிலிலும் 'எவர்' வந்து நிற்கிறது. எவ்வளவு சீரான தர்க்கம் பாருங்கள். 'எவர்' கேள்விக்கு மட்டும், பதிலில் அந்த வேலையைச் செய்வது 'ஹேவ்' என்று சொல்லிக் கொடுத்தால் வேர் அறுந்தது. நீங்கள் ஒரு வருடமாகக் கிளையை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். 'இன் மை ரூம் ஹேவ் டூ ஃபேன்' என்பதும் இதே போலத்தான். 'மீ' என்ற ஒரே சொல் அங்கே 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கும் 'அறையில் இருக்கிறது' என்பதற்கும் வரும், நம் 'இருக்கிறது' போலவே. ஆங்கிலம்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'ஓபன் த லைட்' எதற்கென்றால், விளக்கை அவர்கள் 'திற' என்பார்கள். நம் பிள்ளைகள் 'லைட்டைப் போடு' என்பதை வைத்து 'புட் த லைட்' என்று எழுதியதைத் திருநெல்வேலியில் நீங்கள் திருத்தியிருக்க மாட்டீர்களா?

எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. 'ஐ ஆம் போரிங்' என்று எழுதுவார்கள், எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்ற பொருளில். ஆங்கில இலக்கண விளக்கத்தை வைத்து இதைப் புரிய வைக்க ஒரு வாரம் போராடிய ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வேறுபாடு அவர்கள் மொழியிலேயே பளிச்சென்று இருக்கிறது. 'பூவா' என்றால் சலிப்படைதல், முன்னால் 'நா' சேர்த்து 'நா பூவா' என்றால் சலிப்பூட்டுவது. 'சொன்ஜாய்' ஆர்வம் கொள்வது, 'நா சொன்ஜாய்' ஆர்வமூட்டுவது. ஆகவே பிள்ளை 'ஐ ஆம் போரிங்' என்றதும் திருத்தாதீர்கள், 'பூவாவா, நா பூவாவா?' என்று மட்டும் கேளுங்கள். வகுப்பே சிரித்துத் தானாகத் திருத்திக்கொள்ளும். அவர்கள் மொழியைத் தடை செய்த வகுப்பில் இந்த ஒரு நிமிடம் கிடைக்குமா? ஆங்கிலத்தில் நிறையப் பேச வைக்க வேண்டும் என்று உங்கள் சக ஆசிரியர் நினைப்பது நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை, பேச்சுப் பயிற்சி நேரத்தில் ஆங்கிலம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விளக்கும் நேரத்தில், ஒப்பிடும் நேரத்தில், தப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடும் நேரத்தில் அவர்கள் மொழி மேஜை மேல் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதைப் பார்த்தாலும் தாய்மொழி தாய்மொழி என்று பழி போடத் தொடங்கிவிடுவோம். 'ஷீ கோஸ்' என்பதில் 'ஸ்' விடுவதும், 'கோட்' என்று 'கோ'வோடு இறந்தகால ஒட்டைச் சேர்ப்பதும் எந்த நாட்டுப் பிள்ளையும் செய்வது, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தையும் பேசப் பழகும்போது செய்வது. கற்பவர் மனதில் தாய்மொழியும் இல்லாத, புதிய மொழியும் முழுதாக வராத ஒரு தனி ஒழுங்கு உருவாகிறது என்று 1972-ல் லேரி செலிங்கர் எழுதினார், அதை இடைமொழி என்கிறோம். உங்கள் மாணவர்கள் இப்போது பேசுவது அந்த மொழி. அது வளரும், ஆனால் திருத்தத்தால் மட்டும் வளராது, நிறையக் கேட்பதாலும் படிப்பதாலும்தான் வளரும். ஐரோப்பியர் ஆட்சியின் கீழ் போகாத நாடு அது, பள்ளிக்கு வெளியே ஆங்கிலம் இல்லாமல் ஒரு நாள் நன்றாக ஓடிவிடும். உங்கள் வகுப்பில் கேட்பதுதான் பலருக்கு அன்றைய முழு ஆங்கிலம்.

'ஸ்' விடும் பிள்ளைக்கு இலக்கணம் தெரியவில்லையா, வாய் வரவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் 'ஸ்' இருந்து பேச்சில் இல்லையென்றால் அது உச்சரிப்பு, மேலே சொன்ன 'ப-ஸிஸ்' பயிற்சி கொடுங்கள். எழுத்திலும் இல்லையென்றால் இலக்கணம். 'புக்ஸ்', 'வாக்ட்' போன்ற சொற்களில் கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து வருகிறது, ஒன்றுக்கே இடம் உள்ள வாயில் இரண்டு. இந்தப் பாகுபாடு செய்யாமல் எல்லாவற்றுக்கும் இலக்கண மதிப்பெண் குறைத்தால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கே அநியாயம் செய்கிறோம்.

பிள்ளைகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்பதற்கும் இரண்டு வரி. 'கிரெங் ஜாய்' என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு. அடுத்தவரைச் சிரமப்படுத்தக் கூடாதே, சங்கடப்படுத்தக் கூடாதே என்ற தயக்கம். சந்தேகம் கேட்டால் ஆசிரியர் சரியாக விளக்கவில்லை என்று சொன்னதாகிவிடுமோ என்று பேசாமல் இருப்பார்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆகவே புரிந்ததா என்று கேட்காதீர்கள், இருவர் இருவராகப் பேசவிட்டுப் பிறகு ஜோடியாகச் சொல்லச் சொல்லுங்கள், தனி ஆளை எழுப்பாதீர்கள். அப்புறம், 'உனக்குப் பிடிக்கவில்லையா?' என்று கேட்டால் 'யெஸ்' என்பார்கள், பிடிக்கவில்லை என்று அர்த்தம். நம் 'ஆமாம், பிடிக்கல' போலத்தான், ஆகவே இதில் நீங்கள் குழம்ப மாட்டீர்கள்.

'உனக்கு ஆங்கிலம் தெரியுமா?' என்று அங்கே யாரைக் கேட்டாலும் 'ஙூ ஙூ ப்லா ப்லா' என்பார்கள். பாம்பு பாம்பு, மீன் மீன் என்று பொருள், ஏதோ அரைகுறையாகத் தெரியும் என்பதற்கு அவர்கள் வழக்கு. அதைச் சொல்லும்போது முகத்தில் வரும் கூச்சத்தைப் பாருங்கள். சோம்பேறிக்கு அந்தக் கூச்சம் வராது.

இனி அந்தப் பையன். அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்லையே செல்லப்பெயராக வைப்பது சாதாரணம். பால் (பந்து) என்ற பையன் 'பொன்', பென்ஸ் (கார்) என்ற பெண் 'பென்'. ஃபிலிம் என்ற சொல்லை அவர்கள் எழுத்தில் எழுதும்போது 'ல'வின் தலைமேல் ஒரு சிறு குறி இருக்கும், இந்த எழுத்தைப் படிக்காதே என்று சொல்லும் குறி. திங்கட்கிழமையின் சந்திரன் அங்கே 'ஜன்' ஆனதும், வெள்ளிக்கிழமையின் சுக்ரன் 'சுக்' ஆனதும் இதே குறியோடுதான். அவன் அம்மா அவனைக் கூப்பிடுவது ஃபிம். அது தப்பான ஆங்கிலம் இல்லை, சரியான தாய்லாந்துப் பெயர். வகுப்பு முன்னால் நீங்கள் ஐந்து முறை திருத்தியது ஒரு சொல்லை என்று நீங்கள் நினைத்தீர்கள், அவனுக்கோ அது அவன் பெயர். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நீங்கள் திருத்திச் சொன்ன 'ஃபிலிம்' ஆங்கிலமும் இல்லை. 'ல்'லுக்கும் 'ம்'முக்கும் நடுவில் ஓர் 'இ' போட்டது நம் தமிழ். அவன் 'ல்'லை விட்டான், நீங்கள் 'இ'யைச் சேர்த்தீர்கள்.

நாளை வருகைப் பதிவு எடுக்கும்போது அவனை ஃபிம் என்று கூப்பிடுங்கள், மற்ற பிள்ளைகளைக் கூப்பிடும் அதே குரலில், தனியாக நிறுத்தாமல். மன்னிப்பு கேட்க விரும்பினால் வகுப்பு முடிந்து வெளியே கேளுங்கள், முன்னால் கேட்டால் அவனுக்கு இன்னொரு சங்கடம். படத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், ஒரே இடத்தில் இரண்டு மெய் உட்கார வேண்டிய கஷ்டமான சொல் அது. பில், ஸ்கூல், பால் எல்லாம் வந்த பிறகு, வருடக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாள் வரும்போது நீங்களும் அவனும் சேர்ந்தே பழகுங்கள், அவன் 'ல்'லைக் கொண்டுவரட்டும், நீங்கள் 'இ'யை விடுங்கள்.